விடுமுறையில் கோர்ட்டுக்கு வாருங்கள்!

(சட்டக் கல்லூரி மாணவர்களும் வணிகப் பெருமக்களும் கலந்துகொண்ட கோடைகாலப் பயிலரங்கில் ஆற்றிய உரை)



தேர்வு முடிந்து ஊருக்கு வந்திருக்கிறீர்கள். ஜும்ஆ முடிந்து வெளியே வந்தால், "தம்பி வக்கீலுக்குத்தானே படிக்கிறது?" என்று ஒருவர் காகிதத்தை நீட்டுவார். திரும்பி வந்த காசோலையாக இருக்கும். வங்கித் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ். அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால், அதன்பின் ஒரு மாதத்திற்குள் வழக்கு. 138-ஆவது பிரிவை வகுப்பில் படித்த நம் பிள்ளைக்கு, அந்த நோட்டீசை எழுதத் தெரிகிறதா? பெரும்பாலும் தெரிவதில்லை. பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை. அது வகுப்பில் வருகிற வித்தை அல்ல.

பார் கவுன்சிலின் 2008 விதிகள், ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரமும் மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரமும் நேரடிப் பயிற்சி வேண்டும் என்கின்றன. நம்மில் பலர் தெரிந்த வக்கீலிடம் ஒரு சான்றிதழ் வாங்கி ஒட்டிவிடுகிறோம். சான்றிதழ் கோப்புக்குள் இருக்கும். கட்சிக்காரர் எதிரே வந்து உட்காரும்போது அது வாய் திறக்காது.

மே மாதத்தில் சிவில் கோர்ட்டுகளுக்கு விடுமுறை. அதுவே நல்ல சமயம். சீனியருக்கு ஓய்வு இருக்கும். பழைய கட்டுகளைப் பிரித்துக் காட்டுவார். மாஜிஸ்திரேட் கோர்ட்டுகள் நடந்துகொண்டுதான் இருக்கும். அங்கே போய் உட்காருங்கள். ரிமாண்டு எப்படி நடக்கிறது, ஜாமீன் மனுவில் எதைச் சொன்னால் நீதிபதி நிமிர்ந்து பார்க்கிறார் என்று கவனியுங்கள்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? ஒரு பையனைப் பிடித்துப் போனால் 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அந்த ஒரு நாளில் வக்கீல் தேடி வெளியூருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிற சமுதாயம் நாம். 60 நாளில், கடுமையான குற்றமானால் 90 நாளில், குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் அவனுடைய உரிமை. ஆனால் மனுப் போட வேண்டும். போடாமல் இருக்கும்போது குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போயிற்று. நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க ஒரு ஜூனியர் இல்லாததால் மாதக்கணக்கில் உள்ளே கிடப்பது எவ்வளவு பெரிய கொடுமை!

2024 ஜூலை 1 முதல் குற்றவியல் சட்டங்கள் மூன்றும் மாறிவிட்டன. முன்பு 482 என்றால் வழக்கை ரத்து செய்யக் கோரும் மனு. இன்று அதே எண் முன்ஜாமீனுக்கு. ரத்து மனு 528-க்குப் போய்விட்டது. பழைய வழக்குகள் நடப்பதால் இரண்டையும் தெரிந்திருக்க வேண்டும். மூத்தவர்களே தடுமாறுகிற நேரம் இது. இளையவர்கள் முந்திக்கொள்ளலாம்.

இன்னொரு வேலை உங்கள் மஹல்லாவிலேயே இருக்கிறது. 2025-ஆம் ஆண்டு வக்ஃபு திருத்தச் சட்டம், நெடுங்காலப் பயன்பாட்டாலேயே ஒரு சொத்து வக்ஃபு ஆகும் என்ற வழியை இனிமேலைக்கு அடைத்துவிட்டது. அச்சட்டத்திற்கு முன்பே பதிவானவையும் தகராறிலோ அரசு நிலம் என்ற வாதத்திலோ சிக்காதவரைதான் நிலைக்கும். ஆகவே முத்தவல்லியிடம் அனுமதி பெற்று, பள்ளிவாசல் பீரோவைத் திறந்து பாருங்கள். பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வரி ரசீது எல்லாவற்றையும் வரிசைப்படுத்திப் பட்டியல் போடுங்கள். கரையான் தின்ற பிறகு மேடையில் முழங்கி என்ன செய்வது?

இப்போது முதலாளிமார்களுக்கு ஒரு வார்த்தை. நம் பிள்ளைகள் பட்டம் வாங்குகிறார்கள், கோட் தைக்கிறார்கள், இரண்டு வருஷத்தில் கடையில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். காரணம் வருமானம் இல்லை. ஜூனியர்களுக்கு நகரங்களில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாய் தர வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. அகில இந்திய பார் கவுன்சிலும் அதை ஒட்டிப் பரிந்துரைத்தது. எத்தனை சீனியர்களால் தர முடியும்? சிவில் நீதிபதி தேர்வு எழுதவும் மூன்றாண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2025 மே மாதம் தீர்ப்பளித்தது. அந்த மூன்று ஆண்டைக் கடக்க ஏழை வீட்டுப் பிள்ளைக்கு யார் கை கொடுப்பது? கல்யாண மண்டபத்து அலங்காரத்திற்கு ஆகிற செலவை எண்ணிப் பாருங்கள்.

தங்கைகளே, ஃபாத்திமா பீவி அம்மையார் 1950-இல் வக்கீலாகப் பதிவு செய்தார். 1958-இல் முன்சீப் ஆனார். 1989-இல் உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. கீழ்க்கோர்ட்டிலிருந்து படிப்படியாக ஏறியவர். பெற்றோர்கள் கவனிக்க வேண்டும்.

வாசலில் இரண்டு நோட்டு வைத்திருக்கிறோம். ஒன்றில் மாணவர்கள் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். சீனியரிடம் சேர்த்துவிடுவது எங்கள் பொறுப்பு. மற்றதில் வணிகர்கள், ஒரு ஜூனியருக்கு மாதம் எவ்வளவு, எத்தனை மாதம் என்று எழுதுங்கள். அஸருக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கிறது.