பந்து சோறு போடுமா?

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில் வெயில் தாழ்ந்ததும் பந்து உருளத் தொடங்கும். 1957ஆம் ஆண்டு வரை பிரித்தானியக் கடற்படையின் தளமாக விளங்கிய துறை அது. கப்பலேறி வந்தவர்கள் விட்டுச் சென்றவற்றுள் உதைபந்தாட்டமும் ஒன்று. கல்கத்தாவிலும் இவ்வாட்டம் ஏறத்தாழ இவ்வாறே கரையேறியது. ஆடுவோருக்குக் குறைவில்லை, பார்ப்போருக்கும் குறைவில்லை. ஆயினும், மகன் சற்றே நன்றாக ஆடத் தொடங்கினால் பெற்றோர் நெஞ்சில் ஒரு கேள்வி எழுவதுண்டு: “பந்து சோறு போடுமா?”

இக்கேள்விக்குத் தம் வாழ்நாளையே விடையாகத் தந்தவர் ஒருவர் அண்டை நாட்டில் இருக்கின்றார். அவர் கேரளத்தின் திருச்சூரில் 1969ஆம் ஆண்டு பிறந்த ஐ. எம். விஜயன். குடும்பம் வறுமையில் உழன்றது. திருச்சூர் நகர விளையாட்டரங்கில் ஆட்டம் நடக்கும்போது பார்வையாளரிடையே சோடாப் புட்டிகளைச் சுமந்து விற்ற சிறுவன் அவர். விற்றுக்கொண்டே ஆட்டத்தைக் கண்ணால் கற்றார். பயிற்றுநர் டி. கே. சாத்துண்ணி அக்கால்களின் திறமையை இனங்கண்டு முறையான பயிற்சி அளித்தார்.

1987ஆம் ஆண்டு கேரளப் பொலிஸ் அணியில் விஜயனுக்கு இடம் கிடைத்தது. அணியில் இடம் என்றால் அரசாங்க உத்தியோகமும் உண்டு. அக்காலத்து இந்தியாவில் சிறந்த ஆட்டக்காரர் பலரும் பொலிசிலோ, வங்கியிலோ, ரயில்வேயிலோ சம்பளம் பெற்றே பந்தாடினர். வி. பி. சத்யன், சி. வி. பாப்பச்சன், ஷரபலி முதலானோருடன் விஜயனும் சேர்ந்த அந்த அணி, 1990இலும் 1991இலும் பெடரேஷன் கிண்ணத்தைத் தொடர்ச்சியாக வென்றது. சோடா விற்ற அதே திருச்சூரில்தான் முதல் வெற்றி கிட்டியது என்பது நினைக்கத்தக்கது.

அப்பொழுதுதான் கல்கத்தா அழைத்தது. மோகன் பகான் கழகம் பெருந்தொகை தர முன்வந்தது. மாதந்தோறும் தவறாது வரும் சம்பளம் ஒருபுறம். கால்களில் வலு உள்ளவரை மட்டுமே நிலைக்கும் ஒப்பந்தம் மறுபுறம். எந்தத் தாய்தான் இதற்கு இலகுவில் தலையசைப்பாள்? 1991இல் விஜயன் கல்கத்தா சென்றார். அடுத்த ஆண்டு பொலிஸ் அணிக்கே திரும்பினார். 1993இல் மறுபடியும் மோகன் பகானுக்குப் போனார். இந்தப் போக்குவரவிலேயே அவருடைய மனப் போராட்டம் தெரிகின்றது.

அதன் பின் அவர் காலடி படாத களம் அரிது. பஞ்சாபிலுள்ள பக்வாராவின் ஜே. சி. டி. ஆலை அணிக்கு ஆடினார். இந்தியாவின் முதலாவது தேசிய உதைபந்தாட்ட லீக் 1996ஆம் ஆண்டுதான் தொடங்கியது. அதை வென்றது ஜே. சி. டி. அணியே. முன்னணியில் இளைஞர் பைச்சுங் பூட்டியா அவருக்குத் துணை நின்றார். 1997இல் தாய்மண்ணில் தொடங்கிய எப். சி. கொச்சின் கழகம் அவரை ஈர்த்தது. அதே ஆண்டில் அது டியூரண்ட் கிண்ணத்தை வென்று கேரளத்தை மகிழ்வித்தது. எனினும் பணமுடை அதனை அரித்தது; 2002ஆம் ஆண்டளவில் அக்கழகமே மறைந்து போயிற்று. ஈஸ்ட் பெங்கால், கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸ் ஆகியவற்றுக்கும் ஆடியபின், 2006ஆம் ஆண்டளவில் விஜயன் களத்தினின்று விலகினார்.

நாட்டின் சட்டையை அணிந்தபோதும் அவர் குறைவைக்கவில்லை. 1997இல் காட்மாண்டுவில் நடந்த தெற்காசியச் சுற்றுப்போட்டியில் ஆறு கோல்கள் அடித்து முதலிடம் பெற்றார். 1999ஆம் ஆண்டுத் தெற்காசிய விளையாட்டு விழாவில், பூட்டானுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய 12ஆவது வினாடியிலேயே பந்தை வலைக்குள் செலுத்தினார். 2003இல் ஐதராபாத்தில் நடந்த ஆபிரிக்க–ஆசிய விளையாட்டுகளில், முப்பத்து நான்கு வயதில், நான்கு கோல்கள். அவ்வாண்டே அருச்சுனா விருதும் வந்தது.

கால்கள் ஓய்ந்தபின் என்ன? திரைப்படம் அவருக்கு இன்னொரு வாசலைத் திறந்தது. ‘திமிரு’, ‘பிகில்’ ஆகிய தமிழ்ப் படங்களில் அவரைக் கண்டோர், இவரா அந்த ஆட்டக்காரர் என்று வியந்திருப்பர். ஆனால் அவரை இறுதிவரை தாங்கியது மீண்டும் அந்தப் பொலிஸ் சேவைதான். சாதாரணப் பொலிஸ்காரராகச் சேர்ந்தவர், 2025ஆம் ஆண்டு துணைக் கமாண்டன்ட் பதவியில் ஓய்வு பெற்றார். பத்மஸ்ரீ விருதும் அவ்வாண்டே அவரைத் தேடி வந்தது.

ஆகவே, பந்து சோறு போடுமா என்ற கேள்விக்கு விஜயனின் வாழ்வு தரும் விடை நேரானதன்று. பந்து சோறு போட்டது. சில வேளைகளில் விருந்தும் வைத்தது. ஆனால் கழகங்கள் தோன்றும், மறையும். ஒப்பந்தங்கள் பருவத்தோடு முடியும். களத்தை விட்டு வரும் வீரனுக்கு நிற்பதற்கு ஒரு நிலம் வேண்டும். அவருக்கு அந்நிலம் வாய்த்தது. வாய்க்காதவர் எத்தனையோ பேர்.

திருகோணமலை மணலில் இன்று வெறுங்காலோடு ஓடும் சிறுவனிடம் திறமை இருக்கக்கூடும். அதனைக் கண்டறிய ஒரு சாத்துண்ணியும், அவனைத் தாங்க ஒரு தொழிலும் ஊரார் ஏற்படுத்த வேண்டியவை. மகனைக் களத்துக்கு அனுப்பத் தயங்கும் தாயைக் குறை கூறுவதற்கு முன், அவளுடைய கேள்விக்கு ஊர் விடை கூறட்டும்.