கரையைக் கேட்டுக் கட்டிய படகு

(விழிஞ்ஞத்தில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில், செயற்குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



ஒரு சங்கத்தின் தலைமையில் இருப்பவர்கள், உறுப்பினர் அத்தனை பேருடைய மூளையையும் எப்படி வேலைக்குக் கொண்டுவருவது? இதுதான் இன்று நமக்குத் தரப்பட்ட தலைப்பு. பெரிய கம்பெனி மானேஜர்கள் இதற்கென்று வகுப்பு நடத்துகிறார்களாம். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். இந்தக் கரையிலேயே பாடம் கிடக்கிறது.

1953-ல் கொல்லம் பக்கம் நீண்டகரையில் இந்திய-நார்வே திட்டம் தொடங்கிற்று. நோக்கம் நல்லதுதான்: மீனவனுக்கு எஞ்சின் படகு, ஐஸ், நல்ல வருமானம். ஆனால் திட்டம் மேலிருந்து வந்தது. எஞ்சின் படகுக்குத் துறைமுகம் வேண்டும். அலை அடிக்கும் திறந்த கரையில் கட்டுமரம் தள்ளுகிற தென்பகுதி மீனவனுக்கு அது எட்டவில்லை. பிறகு இறால் ஏற்றுமதியில் காசு கொட்டியது. இழுவைப் படகுகள் பெருகின. முதல் போட்டவன் வாழ்ந்தான். மழைக்கால இழுவைத் தடை வர 1988 ஆயிற்று. அதற்கு முன் எத்தனை போராட்டம்!

இன்னொரு கதை தெற்கே, குமரி மாவட்டத்து முட்டத்தில் நடந்தது. கட்டுமரத்துக்கான இலகு மரம் காட்டில் அருகி, விலை ஏறிக்கொண்டே போன காலம். கோட்டாறு சமூக சேவைச் சங்கத்தின் படகுக் கூடத்தில், பியர் ஜிலே என்ற பெல்ஜியப் பொறியாளர் 1970-களில் மாற்று தேடினார். பிளைவுட் பலகையைக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் கண்ணாடி இழையும் பிசினும் பூசிப் படகு கட்டும் முறை அது. ஆனால் படகு எப்படி இருக்க வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? அலையை உடைத்துக்கொண்டு தினமும் போகிறவனுக்குத்தான். கட்டுமரத்தில் ஏறும் தண்ணீர் மர இடுக்கு வழியே தானே வடிந்துவிடும், படகில் நிற்கும். நாலு பேர் தோளில் தூக்கிக் கரையேற்றும் கனம்தான் இருக்கலாம். இதெல்லாம் படித்தவர் வரைபடத்தில் வராது. கட்டினார்கள், கடலில் பார்த்தார்கள், மாற்றினார்கள். மேலே மூடிய, உள்ளே வெற்றான கொட்டுமரம் என்ற வகை அப்படிப் பிறந்ததுதான். சுலபமாக நடக்கவில்லை. ஜிலே 1985-ல் எழுதிய புத்தகத்தின் தலைப்பே 'சிறியது கடினம்' என்று பொருள்படும்.

1980-ல் திருவனந்தபுரத்தைத் தலைமையாகக் கொண்டு தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு உருவாயிற்று. சிஃப்ஸ் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். கீழே கிராமச் சங்கம், நடுவில் மாவட்டக் கூட்டமைப்பு, மேலே இது. ஆட்சிக்குழுவில் மீனவர்கள். பொறியாளரும் கணக்கரும் அவர்களுக்கு வேலை செய்பவர்கள். அவர்களை ஆள்பவர்கள் அல்ல. மீனைத் தரகனிடம் கொடுக்காமல் சங்கமே ஏலம் விட்டது. கடனுக்கும் சேமிப்புக்கும் ஒரு பங்கு அந்த இடத்திலேயே பிடித்தது. மீன் கிடைத்த நாளில் கூடுதல், கிடைக்காத நாளில் ஒன்றுமில்லை. மாதத் தவணை கேட்கிற பாங்கிக்கு இது தோன்றுமா? தினக்கூலியை நம்பி இருக்கிற நமக்குத் தெரியும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். நம் செயற்குழு போன வருஷம் பிள்ளைகளுக்கு இரவு வகுப்பு வைத்தது. பலகை வாங்கினோம், வாத்தியாரைப் பிடித்தோம், மாலை ஏழு மணி என்று நாமே முடிவு செய்தோம். இரண்டு மாதத்தில் பாய் மட்டும் மிஞ்சியது. பெற்றோருக்கு அக்கறையில்லை என்று பேசிக்கொண்டோம். வெட்கத்தோடு சொல்கிறோம்: ஒரு வீட்டிலும் கேட்கவில்லை. கடைசியில், மீன் விற்கப் போகும் ஒரு அக்கா வழியில் நிறுத்திச் சொன்னார்: "ஏழு மணிக்குத்தானே நான் வீடு வாறேன்? சின்னவள யாரு பாத்துக்கிறது? பெரியவ வகுப்புக்கு வந்தா குழந்தை தனியா கிடக்கும். சின்னவளயும் கூட்டிட்டு வரச் சொல்லுங்க, வருவா."

இதைச் சொல்ல அவருக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று. கேட்க நமக்கு ஒரு வருஷம்.

இன்றைக்கு வகுப்பை மீண்டும் தொடங்குவது பற்றிப் பேசப் போகிறோம். செயற்குழு மேடையில் உட்காராது, பாயில் உட்காரும். முதலில் பெண்கள், அடுத்து இளைஞர்கள், பிறகு பெரியவர்கள் பேசட்டும். நாங்கள் கடைசியில் வாய் திறக்கிறோம். யார் சொன்ன யோசனையும் அவர் பெயரோடு நோட்டில் எழுதப்படும். ஏற்காவிட்டால் காரணம் அடுத்த கூட்டத்தில் சொல்லப்படும். நோட்டு இதோ. முதல் பக்கத்தில் அந்த அக்கா சொன்னதை எழுதிவிட்டோம். அடுத்து யார்?