இழுப்புக்காரரின் மூச்சில் இருக்கும் சாட்சி
(கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பெரட்டுக்கு வந்த ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "வேலைக்குப் போகாமலிருக்கச் சாக்கு" என்று சொல்லும் வாய்கள் தோட்டத்தில் நெடுங்காலமாக உண்டு. அந்த வாய்களுக்கு விஞ்ஞானம் தரும் பதிலைத்தான் இன்று பேச வந்தோம்.

ரப்பரைப் பற்றி நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பழைய ரப்பர் வளையம் முதலில் பிசுபிசுக்கும், பிறகு வெடிக்கும். காற்றிலுள்ள பிராணவாயு அதை அரிப்பதே காரணம். டயர் செய்கிறவர்கள் அரிப்பைத் தடுக்கும் சரக்கைக் கலந்துதான் செய்கிறார்கள்.

நம் நுரையீரலிலும் இப்படி ஓர் அரிப்பு உண்டு. இழுப்பு உள்ளவரின் மூச்சுக்குழாய் அழன்று வீங்கியிருக்கும். அங்கே கூடும் வெள்ளணுக்கள், ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வெறிகொண்ட பிராணவாயுப் பொருள்களைக் கக்குகின்றன. குளுட்டாதையோன் முதலிய காவல் சரக்குகள் உடம்பிலேயே இருக்கின்றன. கக்குவது மிகுந்து காவல் தளர்ந்தால், உயிரணுக்களின் சுவரிலுள்ள கொழுப்பு அரிபடுகிறது.

அரிபட்ட கொழுப்பின் துணுக்கு ஒன்றுக்கு ஐசோபுரோஸ்டேன் என்று பெயர். குளிரூட்டிய குழாயில் மூச்சை ஊதவிட்டால் பனித்துளி போல நீர் சேரும். அந்த நீரில் ஐசோபுரோஸ்டேனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் இழுப்புக்காரருக்கு அதிகமாக இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் அளந்து கண்டிருக்கிறார்கள். சாக்குச் சொல்லுகிறவன் மூச்சில் இதை எங்கிருந்து வரவழைப்பான்?

ஆனாலும் அளவுக்கு மீறிச் சொல்லக்கூடாது. சுருட்டுப் பிடிப்பவருக்கும் வேறு நெஞ்சுநோய் உள்ளவருக்கும் இதே அடையாளங்கள் ஏறும். ஆகவே இவற்றை மட்டும் வைத்து இழுப்பு என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. வைத்தியத்தில் அதிகம் பயன்படுவது இவற்றின் உறவுக்காரரான நைட்ரிக் ஆக்சைடு. இழுப்புக்காரர் மூச்சில் அது மிகுந்திருப்பது 1993-இல் வெளியாயிற்று. பெரியவர்களுக்கு நூறு கோடியில் 50 பங்குக்கு மேல் போனால், ஸ்டீராய்டு இன்ஹேலருக்கு அடங்கும் வகை அழற்சி இருக்கலாம் என்று டாக்டர்கள் கொள்கிறார்கள்.

அரிப்பைத் தடுக்கும் என்று சொல்லிப் புட்டி புட்டியாக மாத்திரை விற்கிறவர்கள் வருவார்கள். வைட்டமின் சி மாத்திரையால் இழுப்பு தணியும் என்பதற்குச் சோதனைகளில் உறுதியான பலன் கிடைக்கவில்லை. கீரையும் பழமும் தின்னுங்கள், நல்லதே. மாத்திரையை நம்பி இன்ஹேலரை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

புகையும் இந்த அரிப்பை வளர்க்கும். 2013 ஜூனில் மூவாரில் காற்று மாசுக் குறியீடு 700-ஐத் தாண்டி, அவசரநிலை பிரகடனம் ஆனதை மறந்திருக்க மாட்டீர்கள். அமோனியாவும் பார்மிக் ஆசிட்டும் ஆவியானாலே மூச்சுக்குழாயை உறுத்துபவை. ஸ்டோரில் இவற்றைக் கையாளுகிறவருக்குக் காற்றோட்டம் கேட்பது சலுகை கேட்பதாகாது.

கேட்கும்போது கையில் கணக்கு வேண்டும். மூச்சின் வேகத்தை அளக்கும் பீக் புளோ மீட்டர் என்ற சிறு குழாய் மலிவானது. நாளொன்றுக்கு நான்கு தடவையாவது ஊதி, வேலை நாளிலும் ஓய்வு நாளிலும் சில வாரங்கள் விடாமல் எழுதி வைக்க வேண்டும். வேலை நாளில் இறங்கி ஓய்வில் ஏறினால், அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள். தொழிலால் வந்த நோய் என்று அவர் எழுதினால், 1969-ஆம் ஆண்டுச் சொக்சோ சட்டப்படி விண்ணப்பிக்க வழியுண்டு.

கோடு போட்ட தாள்கள் கிளைச் செயலாளரிடம் இருக்கின்றன. எழுதத் தெரியாதவர்கள் கூச்சப்பட வேண்டாம். மாலையில் ஆபீஸ் முடிந்ததும் வாருங்கள், நாம் எழுதித் தருகிறோம்.