கையடக்கக் கணினியும் வாற்றுக் கணக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சமயமும் இலக்கியமுமே பெரிதும் பேசப்பட்டு வரும் இம்மேடையிலே விளையாட்டுக் கணினியைப் பற்றிப் பேசும்படி இளைஞர் பகுதியினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். தலைப்பு அறிவிக்கப்பட்டதும் முன்வரிசையிலே சில புருவங்கள் உயர்ந்தன. பின்வரிசையிலே சில முகங்கள் மலர்ந்தன. இவ்விரு சாராருக்கும் இடையிலேதான் இன்றைய என் பேச்சு நடைபெறவேண்டியிருக்கின்றது. பெரியோர் இதனைப் பொழுதுபோக்குப் பொம்மை என்று தள்ளுகிறார்கள். வாலிபரோ இதன் உறுப்புகளின் இலக்கங்களை மந்திரம்போல ஒப்புவிக்கிறார்கள். இரண்டு கூட்டத்தாரும் ஒரு சிறிய கணக்கைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். அந்தக் கணக்கு, வாற்றுக் கணக்கு.

முதலிலே பொருள் இன்னதென்று சொல்லிவிடுகிறேன். மேசைமேல் வைத்து உபயோகிக்கும் கணினி முழுவதையும் சுருக்கி, திரையையும் விளையாட்டுப் பொத்தான்களையும் அதனுடன் சேர்த்து, இரண்டு கைகளாலும் பிடிக்கத்தக்கதாகச் செய்தால் அதுவே கையடக்க விளையாட்டுக் கணினி. அமெரிக்காவின் வால்வ் கொம்பனியார் 2022ஆம் ஆண்டு மாசி மாதத்தில் விற்பனைக்கு விட்ட ஸ்டீம் டெக் என்பதை உதாரணமாகக் கொள்வோம். அதன் திரை 7 அங்குலம். நிறை 669 கிராம். ஏ.எம்.டி. கொம்பனி செய்த செயலி ஒன்று அதனுள் இருந்தது. கணக்கிடும் கருக்கள் நான்கும் படம் வரையும் அலகுகள் எட்டும் அந்த ஒரே சில்லில் அடங்கின. அச்செயலி எடுக்கும் மின்வலு 4 வாற்று முதல் 15 வாற்று வரை.

பதினைந்து வாற்று என்பது எவ்வளவு? அதே 2022ஆம் ஆண்டிலே என்விடியா கொம்பனி மேசைக் கணினிக்கென்று ஆர்.டி.எக்ஸ். 4090 என்னும் படம் வரையும் அட்டை ஒன்றை வெளியிட்டது. அந்த ஓர் அட்டைக்கு விதித்த மின்வலு 450 வாற்று. அஃதாவது, அந்த அட்டை ஒன்று உண்ணும் மின்சாரத்தைக் கொண்டு முப்பது கையடக்கச் செயலிகளை முழு வேகத்தில் ஓட்டலாம். கையடக்கக் கருவியைச் செய்பவனுடைய வேலை எவ்வளவு சிக்கனமானது என்பதை இதனாலேயே ஊகித்துக்கொள்ளலாம்.

இனிப் பற்றரிக்கு வருவோம். ஸ்டீம் டெக்கின் முதல் வடிவத்திலே இருந்த பற்றரி 40 வாற்று-மணி கொள்வது. நம் வீட்டு மின்சாரப் பட்டியலிலே ஓர் அலகு என்று போடுகிறார்களே, அஃது ஆயிரம் வாற்று-மணி. ஆகவே இந்தப் பற்றரி முழுவதும் நிறைந்தாலும் ஓர் அலகில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். 75 வாற்று எடுக்கும் கூரை விசிறி ஒன்று அதனை அரை மணி நேரத்தில் தீர்த்துவிடும். 2022ஆம் ஆண்டு பங்குனி மாத இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டை அனுபவித்த நமக்கு, சேமித்து வைத்த மின்சாரத்தின் அருமையை இன்னொருவர் வந்து சொல்லவேண்டியதில்லை.

கொம்பனியார் தங்கள் கருவி இரண்டு முதல் எட்டு மணி நேரம் ஓடும் என்று அறிவித்திருந்தார்கள். இரண்டுக்கும் எட்டுக்கும் எவ்வளவு தூரம்! வியாபாரிகளின் வழவழப்பான பேச்சென்று சிலர் நகைத்தார்கள். ஆனால் நாற்பதை இரண்டால் வகுத்துப் பாருங்கள், இருபது. எட்டால் வகுத்துப் பாருங்கள், ஐந்து. திரை, நினைவகம், விசிறி யாவும் சேர்ந்து இருபது வாற்று எடுத்தால் இரண்டு மணி நேரம். ஐந்து வாற்று எடுத்தால் எட்டு மணி நேரம். இந்த இருபதுக்கும் ஐந்துக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதைத் தீர்மானிக்கிறவன் கருவியைக் கையில் வைத்திருப்பவனே. அதற்குரிய அளவுமாற்றி திரையின் ஓரத்திலேயே அவனுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது.

இவ்விடத்தில் பௌதிக ஆசிரியர்கள் சற்றுக் கவனிக்க வேண்டுகிறேன். சில்லு ஒன்று வேலை செய்யும்போது எடுக்கும் மின்வலு, அதன் வேகத்தோடு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு நேர் விகிதத்திலும் பெருகுகின்றது. வேகத்தைக் கூட்டவேண்டுமானால் பெரும்பாலும் அழுத்தத்தையும் கூட்டவேண்டும். ஆகவே இரண்டையும் நூற்றுக்கு இருபது வீதம் குறைத்தால், வலு 0.8 இன் முப்படியாகின்றது; அஃது 0.512. வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தவனுக்கு மின்சாரத்தில் ஏறத்தாழப் பாதி மிச்சம்! மறுபுறத்தால் பார்த்தால், கடைசிச் சிறு வேகத்துக்காகக் கொடுக்கும் விலை மிக அதிகம். எடுத்த மின்சாரம் முழுவதும் ஈற்றிலே வெப்பமாகத்தான் வெளிவருகின்றது. கையிலே பிடித்திருக்கும் பண்டத்தில் அந்த வெப்பம் உள்ளங்கைக்குத்தான் வரும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். செக்கனுக்கு 60 படங்கள் காட்டினால் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லிசெக்கன். முப்பது காட்டினால் 33.3. இவ்விரண்டுக்கும் சரிநடுவே நிற்பது எது? 45 என்று வாய் சொல்லும். ஆனால் நேரக் கணக்கிலே நடு 25 மில்லிசெக்கன், அஃதாவது 40 படங்கள். 2022இலேயே ஸ்டீம் டெக்கின் திரையை 40க்கு இறக்கி வைக்க வழி செய்தார்கள். அறுபதில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தும், கண்ணுக்கு அதன் சுகத்தில் பாதி கிடைத்தது, பற்றரியும் நீடித்தது. இதைக் கண்டுபிடித்துத் தங்களுக்குள் பரிமாறிக்கொண்ட இளைஞர்கள் வீணே பொழுதைப் போக்கினார்கள் என்று என்னாற் சொல்ல முடியவில்லை. ஒன்றை மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைத்து, விளைவைக் கொப்பியிலே குறித்துக்கொள்வதற்குப் பள்ளிக்கூடத்தில் நாம் பரிசோதனை என்று பெயர் கொடுக்கிறோம்.

இந்தக் கணக்கு புதிதல்ல. யப்பானிலே நின்டெண்டோ கொம்பனியில் குன்பேய் யொக்கோய் என்றொருவர் இருந்தார். 1965ஆம் ஆண்டு அங்கே அவர் சேர்ந்தது விளையாட்டுச் சீட்டு அச்சிடும் யந்திரங்களைப் பராமரிப்பதற்காக. ஓய்வு வேளையில் தம் மனமகிழ்ச்சிக்காகச் செய்த நீளும் கைப் பொம்மை ஒன்று கொம்பனித் தலைவரின் கண்ணிற்பட்டது. 1966இல் அது விற்பனைக்கு வந்தது. அன்றிலிருந்து அவர் பொம்மை செய்பவரானார். பழகிப் பழகி மலிவாகிப்போன நுட்பத்தை எடுத்து, எவரும் நினையாத வேறு வேலைக்கு அதைத் திருப்புவதே அவருடைய கொள்கை. அவரும் அவருடைய குழுவினரும் செய்த கேம் போய் 1989இல் வந்தது. அதன் திரையில் நிறம் இல்லை. பின்னால் ஒளியும் இல்லை. சிறு ரோச் விளக்குக்குப் போடும் பற்றரி நான்கு போட்டால் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும்.

அதே ஆண்டு அட்டாரி கொம்பனியின் லிங்ஸ் வந்தது. நிறத் திரை, பின்னொளி, அதிக வல்லமை. விலையும் ஏறத்தாழ இரண்டு மடங்கு. ஆறு பற்றரிகளை அது நான்கைந்து மணி நேரத்தில் விழுங்கிற்று. இரண்டையும் கடைக் கண்ணாடிக்குள் பக்கத்திலே பக்கத்திலே வைத்துப் பார்த்தவன் எதை வாங்கியிருப்பான்? லிங்ஸைத்தான் என்று தோன்றும். ஆனால் கேம் போயும் அதன் பின்வந்த நிற வடிவமும் சேர்ந்து 11 கோடியே 80 இலட்சத்துக்கு மேல் விற்பனையாயின. விளையாட்டுகளின் சிறப்பும் இதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்கக்கூடாது. ஆயினும் பஸ்ஸிலே பாதி வழியில் அணைந்துபோகும் நிறத் திரையைவிட, வீடு போய்ச் சேரும்வரை எரியும் சாம்பல் திரை மேலென்று பிள்ளைகள் தீர்மானித்தார்கள்.

முப்பது ஆண்டுகளின் பின்பும் அதே பாடத்தைக் கொம்பனிகள் மறுபடி படித்தன. 2023இல் ஏசூஸ் கொம்பனி வெளியிட்ட ஆர்.ஓ.ஜி. அலை என்னும் கருவி ஸ்டீம் டெக்கைவிட வேகமானது. மின்னிணைப்பில் வைத்தால் செயலிக்கு 30 வாற்று வரை கொடுத்தது. பற்றரியோ அதே 40 வாற்று-மணி. அடுத்த ஆண்டு, 2024இல், அலை எக்ஸ் என்று இன்னொன்று வந்தது. செயலி மாறவில்லை, பற்றரிதான் 80 ஆயிற்று. நிறை 608 கிராமிலிருந்து 678 ஆகக் கூடியதை வாங்கினவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். வால்வ் கொம்பனியும் 2023 கார்த்திகையில் தன் இரண்டாம் வடிவத்தை வெளியிட்டபோது வேகத்தைப் பெரிதாகக் கூட்டவில்லை. பற்றரியை 50 ஆக்கிற்று, திரையை மாற்றிற்று, சில்லை இன்னும் நுண்ணிய முறையிலே செய்வித்தது. அப்படியிருந்தும் நிறை 640 கிராமாகக் குறைந்தது. என்னைக் கேட்டால், வேகத்தைக் கூட்டுவதைவிட இதுவே கடினமான வேலை என்பேன்.

வாலிப அன்பர்களே, உங்களிடம் ஒரு வழக்கு உண்டு. புதிய மாதிரி ஒன்று வந்தவுடன் பழையதன்மேல் வெறுப்பு வந்துவிடுகின்றது. இரண்டு கருவிகளின் இலக்கங்களையும் பக்கத்திலே எழுதி, பெரிய இலக்கம் உள்ளதே உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறீர்கள். மாதத் தவணைக்குப் பணம் கட்டுவது பெரும்பாலும் வேறொருவர், அவர் இந்த மண்டபத்திலேயே இருக்கவும் கூடும். புதியதை வாங்குமுன் உங்கள் கையிலிருப்பதன் வாற்றையும் மணியையும் ஒருமுறை எழுதிப் பார்த்ததுண்டா? கருவியை நேசிப்பவன் என்று பெயர் எடுத்தவன், அதை விற்பவனைவிட அதன் உள்ளே இருப்பதை நன்றாக அறிந்திருக்க வேண்டும்.

பெரியோர்களே, உள்ளே இருப்பதை அறிவதற்குக் கருவியைத் திறக்கத்தான் வேண்டும். பிள்ளை திருகாணியைக் கழற்றினால் பதறாதீர்கள். 2021 ஐப்பசியிலே, கருவி விற்பனைக்கு வருமுன்னரே, வால்வ் கொம்பனியார் அதைத் தாமே திறந்து காட்டும் படம் ஒன்றை வெளியிட்டார்கள். திறக்கவேண்டாம் என்று புத்தி சொன்னார்கள். ஆனால் வாங்கியவருக்கு அதைத் திறக்கும் உரிமை உண்டென்றும் ஒப்புக்கொண்டார்கள். 2022இல் உதிரிப்பாகங்கள் தனியே விற்பனைக்கு வந்தன. ஆரம்பத்திலே 64 கிகாபைற் சேமிப்புள்ள மாதிரியின் விலை 399 டொலர். 512 உள்ளதற்கு 649. குறைந்த விலைக்கு வாங்கி, 22 மில்லிமீற்றர் அகலமும் 30 மில்லிமீற்றர் நீளமும் உள்ள சேமிப்பு அட்டை ஒன்றைத் தாமே பொருத்திக்கொண்டவர்கள் பலர்.

திறத்தல் என்பது திருகாணியோடு முடிவதன்று. விண்டோஸுக்கென எழுதப்பட்ட விளையாட்டுகளை இக்கருவி லினக்ஸ் முறைமையிலே ஓட்டுகின்றது. நடுவே நின்று மொழிபெயர்ப்பது புரோட்டன் என்னும் தொகுதி. 1993இல் தன்னார்வலர்கள் தொடங்கிய வைன் என்பதே அதற்கு அடி. அதன் முக்கியமான ஒரு பகுதியோ, நியர் ஆட்டோமாட்டா என்னும் ஒரே ஒரு விளையாட்டைத் தம் லினக்ஸ் கணினியில் ஆடவேண்டும் என்று ஆசைப்பட்ட ஒருவர் எழுதத் தொடங்கியது. விளையாட்டு ஆசை எங்கே கொண்டுபோய் விடும் என்று கேட்கும் தந்தையருக்கு இதனையும் சொல்லிவைக்கலாம்.

ஈற்றிலே, திறக்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். முதலிலே நினைவு அட்டையை வெளியே எடுத்துவிடுங்கள். அதை மறந்து பின்மூடியை இழுத்தால் அட்டை இரண்டாக முறியும். பற்றரியைக் கால்வாசிக்குக் கீழே இறங்கவிட்டு, கருவியை முற்றாக அணைத்தபின் தொடங்குங்கள். உள்ளே போனதும் முதல் வேலை, பற்றரியின் இணைப்பைக் கழற்றுவது. பற்றரி ஊதியிருந்தால் கூரான எதையும் அதன் கிட்டக் கொண்டுபோகாமல், அறிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். பின்மூடியின் திருகாணிகள் எட்டு: நான்கு நீளம், நான்கு குட்டை. முதல் வடிவத்திலே அவை நேரே பிளாஸ்டிக்கில் இறங்குவன. ஆகவே பலங்கொண்டு முறுக்கினால் புரி அழிந்துவிடும். இரண்டாம் வடிவத்திலே உலோகப் புரி வைத்திருக்கிறார்கள். நீளத்தையும் குட்டையையும் கலந்துவிடாமல் போட்டு வைக்க இரண்டு சிரட்டைகள் போதும். ரோச் பிடிப்பதற்கு வீட்டிலே ஒரு பெரியவரைப் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பழைய வால்வு றேடியோவைத் திறந்து பழகிய கைகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன.