பூசலார் வைத்த கணக்கு

பட்டம் பெறும் செல்வங்களே! உபசார மொழிகளை விட்டுவிடுகிறேன். காட்டுப்பாக்கத்துப் புழுக்கத்தில் அங்கியணிந்து அமர்ந்திருப்பதன் சிரமம் எனக்குத் தெரியும்.

வங்கி உத்தியோகத்திலேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். 1906 அக்டோபரில் சென்னையில் ஆர்பத்நாட் கம்பெனி முறிந்து, வெள்ளையர் ஸ்தாபனம் என்ற நம்பிக்கையில் சேமிப்பையெல்லாம் அங்கே ஒப்படைத்திருந்த குடும்பங்கள் நடுத்தெருவில் நின்றதும், அந்த அனர்த்தத்தின் விளைவாக வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயன்று 1907-ல் இந்தியன் வங்கியைத் தோற்றுவித்ததும் எங்கள் தொழிலில் அனைவரும் அறிந்த சரித்திரம். வங்கி டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் வந்தது 1962-ல். அன்று உச்சவரம்பு 1,500 ரூபாய், 2020 முதல் 5 லட்சம். வரம்பு எவ்வளவு உயர்ந்தாலும் வரம்புதான்; அதற்கு அப்பால் மனிதன் தெய்வத்தை நினைக்கிறான். எவ்விதம் நினைப்பது என்பதில் எனக்கு நெடுநாளாக ஓர் அபிப்பிராயம் உண்டு. அதற்குச் சாட்சி வேண்டித் தொலைதூரம் போகவும் வேண்டாம்.

இங்கிருந்து சில மைல் தெற்கே குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், சில மைல் வடமேற்கேயுள்ள திருநின்றவூர்ப் பூசலாரைப் பாடியிருக்கிறார். சிவனுக்குக் கோயில் எடுக்க ஆசைப்பட்டு, பொருள் தேடி அலைந்து, எங்கும் கிடைக்காமற்போகவே, அந்த மனிதர் மனத்துக்குள்ளேயே திரவியம் சேர்த்தார். கவனியுங்கள், அங்கேயும் அவர் ஒரே நொடியில் கோபுரத்தை எழுப்பிவிடவில்லை. தச்சரைத் தேடி, நல்ல நாள் பார்த்து அடித்தளமிட்டு, இரவிலும் கண்ணுறங்காமல் அடுக்கடுக்காகக் கட்டி, சிகரம் வைத்து, சுதை பூசி, கிணறும் மதிலும் குளமும் அமைத்து, அதன் பிறகே கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தார். காஞ்சியில் கற்றளி எடுத்து அதே நாளைக் குறித்திருந்த காடவர்கோனின் கனவில் இறைவன் தோன்றி, நின்றவூர்ப் பூசலின் ஆலயத்துக்கு நாளை போகிறேன், நீ வேறு நாள் பார்த்துக்கொள் என்றான். மன்னன் நின்றவூருக்கு வந்து தேடினால் கோயிலே இல்லை. எனக்கு வியப்பளிப்பது இதற்கடுத்த விஷயம்: இறைவன் பூசலாருக்குப் புதையல் காட்டவில்லை, மன்னனிடம் மானியம் வாங்கித் தரவுமில்லை. அந்த மனக்கோயிலில் வந்து அமர்ந்தான், அவ்வளவே. கடைசிவரை அவர் கையில் காசில்லை. ஆனால் வேலையில் ஓரிடத்திலும் குறைவைக்கவில்லை. காசில்லாத காலத்திலும் கிணறு முதல் மதில் வரை விடாமல் நடந்த அந்த வேலையைத்தான் நான் விசுவாசம் என்கிறேன்.

அண்டையிலுள்ள திருவேற்காட்டு மூர்க்க நாயனாரையும் சொல்லாவிட்டால் யாரேனும் கோபித்துக்கொள்வார்கள். அடியார்க்கு அன்னமிடப் பொருள் தீர்ந்ததும் சூதாடி ஈட்டியவர் அவர். வென்ற பொருளைத் தம் கையால் தீண்டமாட்டார் என்பது புராணம். அவரை மேற்கோள் காட்டிச் செல்போனில் ரம்மி ஆடுகிறவர்கள் அந்தப் பிற்பாதியையும் அனுசரிப்பார்களாக!

என் மாணவப் பருவத்தில் பரீட்சைக் கட்டணத்துக்கு வழியில்லாத காலங்களில், என் தாயார் மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் வைப்பதாக வேண்டிக்கொண்டு, கோயிலிலிருந்து திரும்பிய கையோடு உளுந்து மாவு பிசைந்து, விற்பனைக்கு அப்பளம் இடுவார். கட்டணம் எதனால் கட்டப்பட்டது என்று கேட்டால், அம்மன் கட்டினாள் என்பார். அப்பளக் கணக்கு நோட்டு மட்டும் ஒரு பைசா பிசகாது.

உங்களுட் சிலருக்கு உத்தியோக உத்தரவு வந்தும் சேரும் தேதி வராமலிருக்கலாம்; சிலருக்கு உத்தரவே வராதிருக்கலாம். பிரார்த்தனை செய்யுங்கள். இந்தப் பட்டத்துக்காக உங்களிற் பலர் வீட்டில் நகை அடகுக்குப் போயிருக்கும்; மீட்பதற்கான கெடு அந்த ரசீதில் எழுதியிருக்கும். இன்றிரவே அதை வாங்கிப் பாருங்கள்.