கல்விக்குக் காவல் கணக்கறிவே!

(ஹெந்தளையில், அதிபர் பதவிக்கு ஆயத்தமாகும் ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)



நாளை அதிபர் நாற்காலியில் அமரவிருப்போர் பலர் இந்த அவையில் உள்ளனர். இலக்கணமும் கணிதமும் விஞ்ஞானமும் எவ்வாறு கற்பிப்பது என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால், பாடசாலைக்குரிய பணம் எங்கே பிறக்கிறது, எவ்வழியே நடக்கிறது, எவ்விடத்தில் தேங்கி நிற்கிறது என்று வினவினால், விடை கூற வல்லோர் நம்மவருள் மிகச் சிலரே. இந்த அறியாமைக்கு விலை கொடுப்பவர் யார்? அதிபரிடம் தம் பிள்ளையை ஒப்படைத்த ஏழைப் பெற்றோரே! இதனை எடுத்துரைக்கவே நாம் இங்கு வந்துள்ளோம்.

1945ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கல்வி மந்திரியாயிருந்த கன்னங்கரா அவர்கள் அரசாங்க சபையில் போராடிப் பெற்ற வெற்றி அது. 1980இல் இலவசப் பாடநூலும், 1993இல் இலவசச் சீருடையும் அதனோடு சேர்ந்தன. இவையனைத்தும் உண்மையே. ஆயினும், பிள்ளையைப் பாடசாலையிற் சேர்க்கச் சென்ற தந்தை, கதிரைக்கு ஒரு தொகை, வர்ணப் பூச்சுக்கு ஒரு தொகை, விழாவுக்கு ஒரு தொகை என்று கொடுத்துத் திரும்புவதையும் நாம் கண்ணாரக் காண்கின்றோம். வாசலில் இலவசம், உள்ளே கட்டணம்! இஃது எதனால் நேர்ந்தது?

சட்டம் பயின்றவர் என்ற முறையில் ஒன்றைக் கூறுவோம். எல்லோருக்கும் எல்லா நிலைகளிலும் சமமான கல்வி வாய்ப்பு வேண்டுமென்று அரசியலமைப்பின் 27ஆம் உறுப்புரை அழகாகக் கூறுகிறது. ஆனால், அவ்வத்தியாயத்தில் உள்ளவை நீதிமன்றத்தில் வழக்காடிப் பெறக்கூடிய உரிமைகளல்ல என்று 29ஆம் உறுப்புரை கைவிரித்து விடுகிறது. ஆகவே, கல்வியுரிமையின் மெய்யான உருவத்தைக் காண விரும்புவோர் வரவு செலவுத் திட்டத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

வேறொரு நாட்டையும் பாருங்கள். ஐக்கிய அமெரிக்காவில் பாடசாலை மாவட்டங்கள் தம் செலவில் ஒரு பெரும்பகுதியைத் தம் எல்லைக்குள் உள்ள காணி, வீடுகளின் மீதான வரியிலிருந்து பெறுகின்றன. செல்வர் வாழும் ஊருக்குச் செல்வப் பள்ளி. வறியவர் வாழும் ஊருக்கு வறிய பள்ளி. ரெக்சாஸ் மாநிலத்து ஏழைப் பெற்றோர் இதனை எதிர்த்து வழக்காடினர். 1973ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர்நீதிமன்றம், ஐந்து நீதியரசர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமுமாகப் பிரிந்து, அவர்களது வழக்கைத் தள்ளியது. அங்கே காணி வரி செய்கின்ற வேலையை இங்கே பெற்றோரிடம் அறவிடும் பணம் செய்து வருகிறது! கொழும்பு நகரத்துப் பெரிய பாடசாலைக்குப் பழைய மாணவரும் வணிகரும் அள்ளித் தருவர். ஹெந்தளையில் அன்றாடக் கூலிக்குச் செல்வோர் எதனை அள்ளித் தருவர்?

எனவே, அதிபராகப் போகின்றவர் மூன்று பைகளைப் பிரித்தறிதல் வேண்டும்.

முதலாவது பை, சம்பளம். கல்விக்கான மீண்டெழும் செலவின் பெரும்பகுதி இதுவே. இப்பணம் பாடசாலையின் கைக்கு வருவதில்லை. எனினும் அதிபர் வாளாவிருத்தலாகாது. கணித ஆசிரியர் இடம் ஒன்று வெற்றிடமாயிருந்தால், அப்பாடசாலைக்குச் சேரவேண்டிய சம்பளம் சேரவில்லை என்பதே அதன் பொருள்.

இரண்டாவது பை, தரவிருத்தி உள்ளீட்டுப் பணம். மாணவர் தொகையையும் வகுப்புப் படியையும் கொண்டு கணக்கிடும் முறை 2000ஆம் ஆண்டளவில் இங்கே புகுத்தப்பட்டது. ஆகவே ஆண்டுதோறும் நிகழும் பாடசாலைத் தொகைமதிப்புப் படிவத்தைக் கடமைக்கு நிரப்பி அனுப்புதல் பெருந்தவறு. அப்படிவத்தில் விடுபட்ட பிள்ளை ஒதுக்கீட்டிலும் விடுபடும்.

மூன்றாவது பை, பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் நிதி. அச்சங்கத்தின் தலைவர் அதிபரே. முதலிரண்டு பைகளிலும் ஓட்டை விழும்போதெல்லாம் இந்த மூன்றாவது பையே திறக்கப்படுகிறது. அதனை நிரப்புவது ஏழையின் வியர்வை.

இனி, பணம் வரும் வழியைப் பார்ப்போம். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தின் பின் பாடசாலைகள் இருவகையாயின. நாடு முழுவதிலும் ஏறத்தாழப் பத்தாயிரம் அரசினர் பாடசாலைகள் உள. அவற்றுள் நானூறளவான தேசிய பாடசாலைகள் மத்திய அமைச்சின் கீழும், ஏனையவை மாகாண சபைகளின் கீழும் இருக்கின்றன. மாகாணங்களுக்குரிய பணத்தை நிதி ஆணைக்குழு விதந்துரைக்கிறது, பாராளுமன்றம் ஒதுக்குகிறது, மாகாணக் கல்வித் திணைக்களமும் வலயக் கல்வி அலுவலகமும் கடந்து அது பாடசாலையை அடைகிறது. கமக்காரப் பெருமக்களுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? குளத்தில் நீர் நிறைந்திருந்தாலும், வாய்க்காலின் கடைக்கோடி வயலுக்குரியவன் விழித்திராவிட்டால் அவன் வயல் காயும். போகத்திற்கு முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திற்குச் செல்லாதவன் பிறகு மடையில் நின்று கூவிப் பயனில்லை.

பாடசாலைக்கும் அவ்வாறே காலமுண்டு. நிதியாண்டு சனவரி முதலாந் திகதி தொடங்கி டிசம்பர் 31இல் முடிகிறது. அடுத்த ஆண்டுக்குரிய தேவைகளை இவ்வாண்டிலேயே திட்டமாக எழுதி அனுப்பியவருக்கே கேட்கும் நியாயம் உண்டு. ஒதுக்கிய பணத்தை உரிய காலத்திற் செலவிடாவிடின் ஆண்டு முடிவில் அவ்வொதுக்கீடு இறந்துபோகும். ‘கணக்காய்வு வருமே’ என்றஞ்சிப் பணத்தைத் தொடாதிருந்து, பின்னர் அதே பொருளுக்குப் பெற்றோரிடம் கையேந்துவது எந்த நீதி?

கணக்காய்வுக்கு அஞ்ச வேண்டியவர் நிதிப் பிரமாணங்களை அறியாதவரே. விலை கோரிப் பொருள் வாங்குதல், உறுதிச்சீட்டைப் பேணுதல், காசேட்டை அன்றன்றே எழுதுதல், வாங்கியதைப் பொருட்பதிவேட்டிற் பதிதல் - இந்நான்கும் ஒழுங்காயிருப்பின் எந்தக் கணக்காய்வாளரும் வரட்டும்!

பெற்றோருக்கும் ஒரு சொல். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது. ‘எம் பாடசாலைக்கு இவ்வாண்டு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவாயிற்று’ என்று வலய அலுவலகத்திடம் எழுதிக் கேளுங்கள். பதினான்கு வேலை நாட்களுக்குள் அவர்கள் தம் முடிவைச் சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதித் தமிழிலேயே விடை பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உங்களுக்கு உரிமை தருகிறது. அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கப்படும்போது எழுந்து நின்று வினவுங்கள். அது அதிபரை அவமதித்தலாகாது. நேர்மையான அதிபருக்கு அதுவே துணை.

பிடியரிசி சேர்த்துப் பள்ளி நடாத்திய மரபில் வந்தவர் நாம். அன்று அரசு தரவில்லை. எனவே நாம் தந்தோம். இன்று அரசு தருவதாகச் சட்டம் சொல்கிறது. சட்டம் தந்ததைக் கேட்டுப் பெறாமல், மீண்டும் ஏழையின் பானையிற் கைவைப்பது கொடையாகாது, கொடுமையாகும்.

வருங்கால அதிபர்களே! கரும்பலகையை நன்கறிந்த நீங்கள் காசேட்டையும் கற்றுக்கொள்ளுங்கள். களனி கங்கையைக் கடந்து கொட்டாஞ்சேனைக்குப் படிக்கச் செல்லும் நம் பிள்ளைகளுக்கும், கடக்க வழியின்றி இங்கேயே தங்கிவிடும் பிள்ளைகளுக்கும் உரிய காசு, ஒரு சதமும் குறையாமல் வந்து சேரட்டும்!