ஒரு வரைபடமும் ஒரு மலைப்பாதையும்



அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஆடம்ஸ் என்னும் 12,276 அடி உயரப் பனிமலை உண்டு. யாக்கமா பழங்குடியினர்க்கு அது புனிதமலை. 1855-ஆம் ஆண்டு உடன்படிக்கையில் அவர்கள் பரந்த நிலத்தை அரசுக்கு விட்டுக்கொடுத்து, ஒரு பகுதியை மட்டும் தமக்கென வைத்துக்கொண்டனர். அதன் எல்லையைக் காட்டிய வரைபடமோ அரசு அலுவலகத்திலேயே காணாமற் போயிற்று! மலையின் கிழக்குச் சரிவு அரசுக் காடாயிற்று. நடைப்பயணிகளும் வந்து சேர்ந்தனர். 1930-இல் வரைபடம் அகப்பட்டது. மொண்டானா மாநிலக் கோப்புகளுக்கிடையே கிடந்ததாம். பஞ்சமி நிலத்தின் பழைய பதிவேட்டைத் தேடி அலைந்த நம்மவர்க்கு இது புதுக்கதையன்று. அதன்பின்னும் 42 ஆண்டுகள் கழிந்தே, 1972-இல், குடியரசுத் தலைவர் நிக்சன் ஏறத்தாழ 21,000 ஏக்கரைத் திருப்பியளித்தார்.

இன்று மலையைச் சுற்றி நடக்க விழைவோர் கிழக்கெல்லையில் நின்றுவிட நேர்கிறது. அப்பால் செல்ல யாக்கமாவினரின் அனுமதி வேண்டும். பொதுப்பாதை பறிபோயிற்றெனச் சிலர் குறைகூறுவர். பேர்ட் கிரீக் புல்வெளியைக் கோடையில் அனுமதிச்சீட்டின்பேரில் பிறர்க்கும் அம்மக்கள் திறந்துவைத்ததை அவர்கள் நினைப்பதில்லை. அனுமதி கேளாமலே பல்லாண்டு நடந்தவர்க்குக் கேட்பதே இழிவாகத் தோன்றுகிறது போலும்!

எல்லைப் பூசல் அத்துடன் ஓயவில்லை. இச்சரிவை உள்ளடக்கிய நிலப்பரப்பு யாக்கமாவினரதன்று என வட்டார நிர்வாகம் வழக்காடியது. உடன்படிக்கையில் ஐயம் எழுந்தால், கையெழுத்திட்ட பழங்குடியினர் அன்று கொண்ட பொருளையே கொள்ளல் அந்நாட்டு நீதிமன்ற மரபு. 2021-இல் மேல்முறையீட்டு மன்றம் அவ்வாறே தீர்ப்பளித்தது. 2022-இல் உச்சநீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது.